எட்டாம் தேதிக் காற்று

16.6.2025, திங்கள். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். விடிமுன் அளவை இன்றைய வரிசையில் எழுதிவிட்டேன். அது நேற்றைய வரிசையில் போக வேண்டும். எழுத்து ஒரு வரி கீழே இறங்கியிருப்பதை முத்தம்மாள் அக்கா பார்த்துச் சொன்னார். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியான கட்டத்தில் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பெரிய தவறு இல்லை. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆன பிறகு செய்யக் கூடாத தவறு.

சூர்யகலா இதை எழுதி முடித்தபோது மணி பத்தரை. வழக்கமாக அவள் நாட்குறிப்பு எழுதுவது சாயங்காலம்தான். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் நடக்கும் அலுவலகப் பயிற்சி வகுப்பில், ஜான்சி மிஸ் எல்லோரையும் தினம் பத்து வரி எழுத வைப்பார். முதல் வரியில் அன்று செய்த தவறு, கடைசி வரியில் மறுநாள் வேலை. நடுவில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். மற்றவர்கள் முதல் வரிக்கு யோசித்துக்கொண்டு பேனாவைக் கடிப்பார்கள். சூர்யகலாவுக்கு அந்தக் கஷ்டம் வந்ததே இல்லை. செய்யாத தவறைக்கூடச் செய்திருப்போமோ என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் அவள். வீட்டைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள்.

இன்றைய தவறு உறுத்திக்கொண்டே இருந்ததால் காலையிலேயே எழுதிவிட்டாள்.

உப்பளத்தில் ஆட்கள் நாலரைக்கெல்லாம் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். அதற்கு முன் கண்ணாடிக் குழாயைப் பாத்தி நீரில் மிதக்கவிட்டு உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்ப்பதும், காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று எழுதுவதும் அவள் வேலை. ரிஜிஸ்டரில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரிசை. வரிசையில் நான்கு கட்டங்கள்: காலை, மதியம், மாலை, கடைசியில் விடிமுன். அந்தக் கடைசிக் கட்டம்தான் புதிதாக வருகிறவர்களை இடறிவிடும். நேற்று முழுக்க அடித்த வெயில் நீரை எவ்வளவு இறுக்கியிருக்கிறது என்பதைத்தான் விடிமுன் அளவு காட்டுகிறது. அதனால் அதற்கு நேற்றைய வரிசைதான் இடம். புது வரிசை சூரியன் முகம் காட்டிய பிறகுதான் தொடங்கும். இந்த அளத்தில் என்றைக்கும் அப்படித்தான்.

வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவருக்கு ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. உப்புச் சேற்றைத் தாண்டி வந்தும் ஷூவில் பளபளப்பு போகவில்லை.

“சிவப்பிரகாசம் சார் இருக்காருங்களா?”

“திண்டிவனம் போயிருக்காருங்க. நாளைக்கு காலையில வந்துடுவாரு.”

“நான் தெய்வசிகாமணி.”

பெயரைச் சொல்லிவிட்டு அவர் சற்றுக் காத்திருந்தார். அந்தப் பெயரைக் கேட்டதும் முகங்கள் மாறுவதைப் பார்த்துப் பழகியவர் என்று தெரிந்தது. சூர்யகலாவின் முகமும் மாறத்தான் செய்தது. கயிறு கேப்டன்! மரக்காணத்தில் அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் கிடையாது.

பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, கடற்கரையிலிருந்து கப்பலுக்குப் போய், இழுவைக் கப்பலுக்குக் கேப்டனான முதல் ஆள் அவர். போன அக்டோபர் ஒன்பதாம் தேதி, விடிவதற்கு முன், கருங்கல் ஏற்றிய பெரிய பார்ஜ் ஒன்றை இழுத்துக்கொண்டு இந்தக் கரையோரமாகப் போனார். நடுவில் இழுவைக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். எஞ்சின் இல்லாத பார்ஜ் மிதந்து வந்து, அவர் பிறந்த குப்பத்தின் மணலிலேயே ஏறி, நான்கு ஃபைபர் படகுகளை நொறுக்கியது. திடீரென்று கிழக்கிலிருந்து கொண்டல் காற்று அடித்தது, கயிறு பக்கவாட்டில் இழுத்துக் கப்பலே சாய்ந்தது, ஒன்பது பேர் உயிருக்காக அவிழ்த்தேன் என்று அவர் சொன்னார். காற்றே இல்லை, அலட்சியம் என்று கப்பல் கம்பெனி சொன்னது. அவருடைய கேப்டன் சான்றிதழை முடக்கிவிட்டார்கள்.

“புதன்கிழமை சென்னையில அப்பீல் விசாரணை. அதுதான் கடைசி. அதோட முடிஞ்சிது,” என்றார். குரலில் முடிந்துபோகிற ஆளின் சாயல் கொஞ்சமும் இல்லை. “எனக்கு எதிரா அவங்க வெச்சிருக்கிற ஒரே காயிதம் இங்கேந்து போனது. அதான் மூலத்தைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

பையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார். அளத்து மேனேஜர் சிவப்பிரகாசம் பிப்ரவரியில் கம்பெனிக்கு எழுதிக் கையெழுத்திட்ட கடிதம். தாங்கள் கேட்டபடி, 9.10.2024 விடிமுன் காற்று: லேசான வாடை.

“ரிஜிஸ்டர் வெளிய போகக் கூடாதுங்க,” என்றாள் சூர்யகலா. பிறகு யோசித்து, “உள்ள உக்காந்து பாக்கலாம். அப்படித்தான் நெனைக்கிறேன்,” என்றாள்.

“உள்ளயே உக்காந்துக்கறேம்மா. கதவ வேணா பூட்டிக்க.”

பழைய ரிஜிஸ்டரை அலமாரியிலிருந்து எடுத்தாள். அக்டோபர் ஒன்பது ஒரு பக்கத்தின் தலைப்பிலேயே இருந்தது. கடைசிக் கட்டத்தில் சிவப்பிரகாசத்தின் குண்டு எழுத்து: லேசான வாடை. கடிதத்தில் இருந்த அதே வார்த்தை.

கேப்டன் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் படித்தார்.

“ஏம்மா, சிவப்பிரகாசம் எப்படிப்பட்ட ஆளு?”

“நான் சேர்ற வரைக்கும் முப்பது வருஷமா அவருதாங்க எழுதினாரு. ஒரு நாள் விட்டதில்லையாம்.”

“நானும் இருவத்தாறு வருஷம் லாக் எழுதினவன். நாலு நாப்பதுக்குக் காத்து. நாலு அம்பத்திரண்டுக்குக் கயித்த வுட்டேன். அவரும் ஒழுங்கான ஆளு, நானும் ஒழுங்கான ஆளு. ஒரே காத்த ரெண்டு பேரும் ரெண்டு விதமா எழுதியிருக்கோம். எங்கியோ ஒரு ஆணி கழண்டிருக்கு. அத்த மட்டும் கண்டுபுடிச்சா போதும்.”

“குப்பத்து ஆளுங்க யாரும் சொல்லலீங்களா, காத்து அடிச்சதுன்னு?”

“சொல்ல வந்தவன் எல்லாம் என் சொந்தக்காரன், செல்லாதுன்னுட்டாங்க. சொந்தக்காரன் இல்லாதவன் எல்லாம் போட்டு ஒடஞ்ச கோவத்துல கீறான்.” எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். “நாளைக்கு வந்து அவரையே பாக்கறேன். டீ குடிச்சியா? குடிக்காம வெயில்ல உக்காராத.”

ஸ்கூட்டர் சத்தம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கரைந்தது. சூர்யகலா பழைய ரிஜிஸ்டரை மூடப் போனாள். மேசையில் அதன் பக்கத்தில் இந்த வருட ரிஜிஸ்டர் திறந்திருந்தது. காலையில் அவள் போட்ட ஒற்றைக் கோடு. அடித்த கட்டத்துக்கு நேர் மேலே, நேற்றைய வரிசையில், சரியான எழுத்து.

பழைய ரிஜிஸ்டரை மூடாமல் மீண்டும் தன் பக்கம் இழுத்தாள்.

அவள் அக்டோபர் பக்கத்தை ஒரு தாள் பின்னால் திருப்பினாள். முந்தைய பக்கத்தின் கடைசி வரிசை, எட்டாம் தேதி. விடிமுன் கட்டத்தில் இடம் போதாமல் எழுத்து ஓரத்தில் ஏறிப் போயிருந்தது: பலத்த கொண்டல், இருபது நிமிடம். பாத்தி கலங்கியது. ஆட்களைக் கொட்டகைக்குள் அனுப்பினேன்.

எட்டாம் தேதியின் விடிமுன் என்றால் ஒன்பதாம் தேதி அதிகாலை.

அவளுக்கு வந்த முதல் எண்ணம் சந்தோஷம் அல்ல. இன்றைக்குத்தான் இதே கட்டத்தில் தவறு செய்த நான், இப்போது சரியாகப் படிக்கிறேன் என்று என்ன நிச்சயம்? சார் அப்போது வேறு மாதிரி எழுதியிருந்தால்? முத்தம்மாளைத் தேடிப் போனாள். முத்தம்மாள் கூலிப் பெண்களுக்கு மேஸ்திரி. கொட்டகை நிழலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பார்ஜ் கரை ஏறுச்சே, அன்னிக்கு இங்க காத்து அடிச்சுதா?”

“அடிச்சுதாவா? உப்பு மேல போட்ட தார்ப்பாய் பறந்து போயி கழிவெளி ஏரித் தண்ணில வுழுந்துது. அத்த இழுத்தாறதுக்கு நாலு பேரு. சகாயசெல்வி இருக்காளே, காத்துல குந்திகினு ஏசுவே ஏசுவேன்னு கத்தனா. அவரு ஒருத்தர கூப்ட்டா பத்தாதுன்னு நான் மாரியாத்தாளயும் சேத்துக் கூப்ட்டேன்.”

“அது ஒம்பதாம் தேதிதானே?”

“தேதி எனக்கு இன்னாடி தெரியும்? கூலி நாளு தெரியும், அமாவாச தெரியும்.”

முத்தம்மாளின் ஞாபகம் போதாது. கேப்டனுக்குப் பத்துப் பேரின் ஞாபகம் ஏற்கெனவே இருந்தது. அதைத்தான் செல்லாது என்றுவிட்டார்கள். எழுத்தில் வேண்டும். அதுவும் தேதியில் யாரும் சண்டை போட முடியாத ஏதாவது ஒன்று, விடிவதற்கு முன் நடந்தது, இதே கட்டத்தில், இதே கையால் எழுதப்பட்டது.

மதியச் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். தீபாவளி? வெடி நாள் முழுக்க வெடிக்கும். வருடப் பிறப்பு? நடுராத்திரி யார் இங்கே வருகிறார்கள்? பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

போகி!

விடிவதற்கு முன் பழைய பாயையும் கிழிந்த முறத்தையும் தெருவில் போட்டுக் கொளுத்துவார்கள். அதை ஒரு நாள் முன்னாலும் யாரும் கொளுத்துவதில்லை, ஒரு நாள் பின்னாலும் கொளுத்துவதில்லை. ஜனவரியில் உப்பு எடுப்பதில்லை. பாத்தியை மிதித்துத் தரையை இறுக்குகிற காலம். ஈரத் தரையில் எது விழுந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

2024 ஜனவரியைத் திருப்பினாள். போகி பதினான்காம் தேதி. பதினான்காம் வரிசையில் சாம்பலைப் பற்றி ஒன்றும் இல்லை. பதின்மூன்றாம் தேதி வரிசையில், விடிமுன் கட்டத்தில்: போகிப் புகை. ஈரப் பாத்தியில் சாம்பல். மிதிக்கவில்லை.

2023. போகி பதினான்கு, சாம்பல் பதின்மூன்றில். இந்த வருடம் போகி பதின்மூன்று, சாம்பல் பன்னிரண்டில். மூன்று வருடத் தேதிகளையும் ஃபோனில் சரிபார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய நாள்காட்டியின் பின்பக்கத்திலும் இந்த வருடத்தைச் சரிபார்த்தாள். பிறகு உட்கார்ந்து, மீண்டும் முதலிலிருந்து சரிபார்த்தாள். எத்தனை தரம் இழுத்துப் பார்த்தாலும் பூட்டு பூட்டியே இருந்தது.

கேப்டன் தன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஆனால் மாலையில் வகுப்புக்குப் போகும் வழியில், சாலையோர டீக்கடையில் அந்த வெள்ளைச் சட்டை தூரத்திலிருந்தே தெரிந்தது. அவர் எதிரில் அர்ச்சுனன் நின்றிருந்தான். உடைந்த நான்கு படகில் ஒன்று அவனுடையது.

“இன்னா கேப்டனு, டீ கிளாஸ கெட்டியா புடி. கையில எது கெடச்சாலும் அவுத்து வுட்டுடுவ நீ.”

“கிளாஸ வுட்டா எனக்குத்தான் சுடும் அர்ச்சுனா. ஒனக்கும் ஒரு டீ சொல்லட்டா?”

“யப்பா, நீ வாங்கிக் குடுத்தா கரைக்குப் போறதுக்குள்ள எனக்கு வாந்தி வரும்.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தார், அது மற்றவர்கள் சிரித்து முடிப்பதற்குள் முடிந்துபோனது.

சூர்யகலா அவர் அருகே போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, கையிலிருந்த தாளை விரித்தாள். “சார், எனக்குத் தப்பா இருக்கலாம். ஆனா மூணு தடவ பாத்துட்டேன்.” எட்டாம் தேதி வரிசையையும், மூன்று போகியையும், விடிமுன் கட்டம் ஏன் முந்தின நாளில் போகிறது என்பதையும் வரிசையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் நிமிர்ந்தது. தப்பா இருக்கலாம் என்பதை அவள் இரண்டாம் முறை சொல்லவில்லை.

கேப்டன் தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். டீயில் ஆடை படிந்தது.

“இருவது நிமிஷம்னு எழுதியிருக்காரா?”

“ஆமாங்க.”

“இருவது நிமிஷந்தான்,” என்றார் மெதுவாக. “அதுக்கு மேல அடிக்கல. நானும் அதைத்தான் எழுதினேன்.”

அர்ச்சுனன் கிளம்பாமல் நின்றிருந்தான். “காத்து அடிச்சிது. இல்லன்னு நான் எப்ப சொன்னேன்? என் போட்ட கட்டிப் புடிச்சிகினுதானே நின்னேன்.”

“அத்த விசாரணைக்கு வந்தவங்க கிட்ட சொன்னியா?”

“அவங்க கேட்டது போட்டு ஒடஞ்சுதான்னு. ஒடஞ்சுதுன்னேன். காத்தப் பத்தி நானா வாயத் தெறக்கல. கோவம்.” தரையைப் பார்த்தான். “உன் கப்பலு சாஞ்சிதுன்னு எனக்கு யாரும் சொல்லலியே.”

“நான் சொன்னேன். நீ காது குடுக்கல.”

“செரி, இப்ப குடுக்கறேன். இன்னொரு டீ சொல்லு. என்கிட்ட இன்னா எழுதி வாங்கணுமோ வாங்கிக்க. நான் உனக்குச் சொந்தமும் இல்ல, இப்போதிக்கு நண்பனும் இல்ல.”

அன்று அவள் வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனாள். அதையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் செவ்வாய். சிவப்பிரகாசம் ஒன்பது மணிக்கு வந்தார். மேசையில் மூன்று ரிஜிஸ்டர்கள் தாள் செருகி அடுக்கி வைக்கப்பட்டிருப்பதையும், பெஞ்சில் கேப்டன் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார்.

“என்னம்மா இது? யாரக் கேட்டு எடுத்த?”

அவளுக்கு இந்த வேலை வேண்டும். வகுப்பு முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. “யாரையும் கேக்கலீங்க சார். அது என் தப்பு,” என்றாள். “ஆனா நீங்க கம்பெனிக்கு எழுதின லெட்டர்ல ஒரு வரிசை கீழ போயிருக்கு.”

“என் ரிஜிஸ்டர்ல தப்பா?” சிவப்பிரகாசம் துண்டை நாற்காலியில் போட்டார். “ஏம்மா, நீ சேந்து ஒரு மாசம். நேத்து நீயே கட்டம் மாத்தி எழுதினதா முத்தம்மா சொல்லுது. நீ எனக்குச் சொல்றியா?”

“அதே தப்புதாங்க சார். அதனாலதான் எனக்குக் கண்ணுல பட்டுது. ரிஜிஸ்டர்ல ஒரு தப்பும் இல்ல. எழுதும்போது நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. கம்பெனி ஒம்பதாம் தேதி விடிமுன்னு கேட்டப்ப, ஒம்பதாம் வரிசையத் தெறந்து அப்படியே எழுதி அனுப்பிட்டீங்க. அது பத்தாம் தேதி விடியறதுக்கு முன்னாடி அடிச்ச காத்து.”

எட்டாம் தேதிப் பக்கத்தை அவர் முன் தள்ளினாள். சிவப்பிரகாசம் குனிந்தார். ஓரத்தில் ஏறிப் போயிருந்த தன் எழுத்தின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். பிறகு, யாரும் சொல்லாமலே, தாள் செருகியிருந்த மூன்று ஜனவரிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். கடைசியில் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தார்.



“தார்ப்பாய் பறந்த அன்னிக்குக் காத்து,” என்றார். “நான்தானே முத்தம்மாள உள்ள போகச் சொன்னேன். அந்த லெட்டர எழுதறப்ப கைதான் எழுதுச்சி. தல எங்க இருந்துதோ.” கேப்டன் பக்கம் திரும்பினார். “எட்டு மாசம் ஆவுதா?”

“எட்டு மாசம், எட்டு நாளு.”

“ஏன் முன்னாடியே என்ன வந்து பாக்கல?”

“உங்க கையெழுத்துப் போட்ட காயிதம் அவங்க கிட்ட இருக்குன்னு போன வாரந்தாங்க எனக்கே காட்டினாங்க. கோவமா வரக் கூடாதுன்னு ரெண்டு நாளு வீட்டுலயே இருந்துட்டு வந்தேன்.”

சிவப்பிரகாசம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கேப்டன் மெதுவாகக் கேட்டார்: “இன்னொரு லெட்டர் எழுதிக் குடுத்தீங்கன்னா…”

“லெட்டரா? எழுதி வந்த வினைதானே இது. இன்னொண்ணு எழுதினா, எது நெஜம்னு கம்பெனிக்காரன் கேப்பான். நான் நேர்ல வர்றேன்.”

“ரிஜிஸ்டர்?”

“அது இந்தக் கொட்டகைய வுட்டுத் தனியா வெளிய போகாது. போனா நானும் கூடப் போவேன்.” சூர்யகலாவைப் பார்த்தார். “நீயும் வர்ற. பேசறத நான் பேசிக்கிறேன். அவன் குறுக்க குறுக்கக் கேட்டா எனக்குக் கோவம் வரும், பக்கம் மாறிப் போகும். போகி எங்க, கொண்டல் எங்கன்னு எடுத்துக் காட்ட ஆளு வேணும்.”

“நான் காட்டறேங்க சார்,” என்றாள். சரியாகக் காட்டிவிடுவேனா என்று யோசிப்பதற்குள் வார்த்தை வெளியே போயிருந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

முத்தம்மாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “கேப்டன் சாரு, கப்பலுக்குத் திரும்பிப் போனா இந்தப் பக்கமா வர்றப்போ ஹாரன் அடிங்க. ஆனா இந்தத் தடவ இழுத்துகினு வந்தத திரும்ப எடுத்துகினு போயிடுங்க.”

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். இந்தச் சிரிப்பு சீக்கிரம் முடியவில்லை. ஷூவில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டு, வெள்ளைச் சட்டையின் காலரைச் சரி செய்துகொண்டு, ஸ்கூட்டரை நோக்கி நடந்தார். சாலைத் திருப்பத்தில் அர்ச்சுனன் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

மாலை வகுப்பில், விளக்குக்கு நேர் கீழே இருந்த மேசையில், சூர்யகலா அன்றைய பத்து வரியை எழுதினாள்.

17.6.2025, செவ்வாய். இன்று செய்த தவறு: சிவப்பிரகாசம் சாரிடம் கேட்காமல் இரண்டு பழைய ரிஜிஸ்டர்களை அலமாரியிலிருந்து எடுத்தேன். திரும்பவும் இப்படி நேர்ந்தால் திரும்பவும் எடுப்பேன். நாளை சென்னைக்குப் போவதால் வகுப்புக்கு வர முடியாது என்று ஜான்சி மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். அக்டோபர் எட்டுக்குச் சிவப்புத் தாள், மூன்று போகிக்கும் மஞ்சள் தாள் செருகியிருக்கிறேன். அர்ச்சுனன் எழுதிக் கொடுத்ததில் தேதியும் கையெழுத்தும் இருக்கின்றன, சரிபார்த்தேன். மழை வந்தால் நனையாமல் இருக்க ரிஜிஸ்டர்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, துணிப்பையில் வைத்திருக்கிறேன். இந்த வருட ரிஜிஸ்டர் மட்டும் இன்னும் மேசையில் இருக்கிறது.

நாளை வேலை: நாலேகாலுக்குப் பாத்தியில் டிகிரியும் காற்றும் பார்த்து, விடிமுன் கட்டத்தில், இன்றைய வரிசையில் எழுத வேண்டும். மை காய்ந்ததும் அந்த ரிஜிஸ்டரையும் பையில் வைத்துக்கொண்டு, ஐந்தே முக்காலுக்குப் பஸ் ஸ்டாண்டில் இருக்க வேண்டும்.